தமிழகத்தில் யானைக்கால் நோயின் வரலாறு

யானைக்கால் நோய் என்பது, உடலின் நிணநீர்க் குழாய்களில் தங்கி வாழும் நூல் போன்ற புழுக்களால் உண்டாகும் நோயாகும். பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே கால் நிரந்தரமாக வீங்கி, தோல் தடித்து, மடிப்பு மடிப்பாகச் சொரசொரத்துப் போகும். கொசுக்கள் இந்நோயைப் பரப்புகின்றன. மருத்துவத் துறையினர் இதை நிணநீர் பைலேரியா நோய் என்பர். ஒரு தலைமுறைக்கு முன்புவரை காவிரிப் படுகை ஊர்களிலும் வடக்குக் கடலோர மாவட்டங்களிலும் இந்நோயாளிகளைக் காண்பது வழக்கமான காட்சியாக இருந்தது. "கும்பகோணம் யானைக்கால்" என்று ஊரின் பெயரோடு சேர்த்தே நோயைச் சொல்லும் பேச்சு வழக்கும் உண்டு. இன்று தமிழகத்தில் இளம் வயதில் புதிதாகக் கால் வீங்குவோர் அரிதாகி வருகின்றனர்.

இந்நோயின் வரலாறு பெரும்பகுதி அதன் காரணத்தைத் தேடிய வரலாறாகும். முன்னோர் செய்த பாவம், சாபம், கெட்ட காற்று, கெட்ட தண்ணீர், புழு, கொசு, இறுதியில் ஊர்ச் சாக்கடை என்று காரணம் படிப்படியாக இடம் மாறியது. ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நோயாளியின் மேல் இருந்த பழி சிறிது குறைந்து, ஊராரின் பொறுப்பு சிறிது கூடியது.

நோயின் தன்மை

இரத்தம் நுண்குழாய்களில் ஓடும்போது அதிலிருந்து சிறிது நீர் கசிந்து திசுக்களுக்குள் செல்கிறது. அதில் பெரும்பகுதி மீண்டும் இரத்தத்துக்குத் திரும்பும். எஞ்சிய நீரைத் திரட்டி இதயத்தை நோக்கிக் கொண்டுசெல்பவை நிணநீர்க் குழாய்கள். இக்குழாய்களில் நீர் பின்னோக்கி வழியாதபடி சிறு சிறு தடுக்கிதழ்கள் அமைந்துள்ளன. காலிலிருந்து நிணநீர் புவியீர்ப்பை எதிர்த்து மேலேற வேண்டியிருப்பதால், குழாய் பழுதடைந்தால் முதலில் பாதிக்கப்படுவது கால்தான்.

யானைக்கால் புழுக்கள் கூட்டமாக இக்குழாய்களுக்குள் தங்குகின்றன. பெண் புழு 8 முதல் 10 செ.மீ. வரை நீளமுடையது, ஆண் புழு அதில் ஏறத்தாழப் பாதி. சராசரியாக 6 முதல் 8 ஆண்டுகள் உயிர் வாழும். புழு தங்கிய குழாய் விரிந்து, தடுக்கிதழ்கள் செயலிழந்து, நீர் காலிலேயே தேங்குகிறது. தேங்கிய நீரால் நலிந்த தோலில் சிறு வெடிப்போ கால்விரல் இடுக்குப் புண்ணோ ஏற்பட்டால், அதன் வழியே பாக்டீரியாக்கள் நுழைகின்றன. அப்போது குளிர் காய்ச்சலும், காலில் சிவந்த வீக்கமும், தொடையிடுக்கில் நெறிகட்டுதலும் உண்டாகும். இத்தாக்குதல் ஒவ்வொரு முறை வந்து போகும்போதும் தோல் மேலும் தடிக்கிறது. ஆண்களுக்கு விரைவாதம் ஏற்படுவதும் இந்நோயின் பரவலான வடிவமாகும்.

பெண் புழு ஈனும் நுண்புழுக்கள் இரத்தத்தில் கலந்திருக்கும். கொசு கடிக்கும்போது அவை கொசுவின் வயிற்றுக்குள் சென்று, 10 முதல் 14 நாட்களில் தொற்றும் நிலைக்கு வளர்கின்றன. மலேரியாக் கிருமியைப் போல் இவை கொசுவுக்குள் பெருகுவதில்லை. நுழைந்தவற்றில் சில மட்டுமே வளர்ந்து வெளிவருகின்றன. ஆகவே ஒரு கடியில் இந்நோய் வந்துவிடுவது மிக அரிது. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் கடிபட்டுக்கொண்டே இருக்கும் ஊரில்தான் நோய் நிலைபெறும். பலர் குழந்தைப் பருவத்திலேயே தொற்றைப் பெற்று, பல ஆண்டுகள் கழித்தே வீக்கத்தைக் காண்கின்றனர்.

பெயர்களும் குழப்பமும்

தமிழில் யானைக்கால் என்பது காட்சியைக் கொண்டு எழுந்த பெயர். வடமொழி மருத்துவ நூல்கள் இதைச் சிலீபதம் என்கின்றன. அரபு மருத்துவர்களும் யானை நோய் என்றே பெயரிட்டிருந்தனர். பண்டைய கிரேக்க மருத்துவத்தில் யானையின் பெயரால் வழங்கிய நோயோ தொழுநோய் ஆகும். அரபு நூல்கள் இலத்தீனில் பெயர்க்கப்பட்டபோது இரண்டும் ஒரே சொல்லுக்குள் வந்து சேர்ந்தன. பின்னர் ஐரோப்பியர்கள் தொழுநோயைக் "கிரேக்கரின் யானை நோய்" என்றும், கால் வீக்கத்தை "அரபியரின் யானை நோய்" என்றும் பிரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆங்கிலேயர் இதைக் "கொச்சிக் கால்", "பார்படாஸ் கால்" என்று தாம் கண்ட ஊர்களின் பெயரால் அழைத்தனர்.

இரு நோய்களுக்கும் தொடர்பில்லை. தொழுநோய் பாக்டீரியாவால் வருவது. ஆயினும் உடலின் தோற்றத்தைக் கெடுக்கும் இரு நோய்களையும் மக்கள் ஒரே அச்சத்தோடு பார்த்தனர். தொழுநோயாளியை விலக்கியதுபோலவே யானைக்கால் நோயாளியையும் விலக்கும் வழக்கம் பல இடங்களில் நீடித்தது. யானைக்கால் நோய் தொடுவதாலோ, உடன் உண்பதாலோ, ஒரே வீட்டில் வாழ்வதாலோ பரவுவதில்லை.

பழைய நூல்களும் பயணிகளும்

சுசுருத சம்கிதை சிலீபதத்தைத் தனி நோயாக விவரிக்கிறது. பழைய நீர் மிகுதியாகத் தேங்கி, எல்லாப் பருவங்களிலும் குளிர்ந்திருக்கும் நாடுகளில் இந்நோய் சிறப்பாகத் தோன்றும் என்னும் கருத்து அதில் உள்ளது. கொசுவின் பங்கு அறியப்படாத காலத்திலேயே, தேங்கிய நீருக்கும் இந்நோய்க்கும் உள்ள உறவை வைத்தியர்கள் கவனித்துள்ளனர் என்பது இதனால் தெரிகிறது.

ஆனால் மக்களிடையே நிலவிய விளக்கம் வேறு. 1580களில் கோவாவில் வாழ்ந்த டச்சுக்காரர் யான் ஹியூகன் வான் லின்சுகோட்டன், 1596இல் வெளியான தம் பயண நூலில் ஒரு செய்தியைப் பதிவு செய்துள்ளார். புனித தோமையாரைக் கொன்றவர்களின் வழித்தோன்றல்கள் சாபத்துக்கு ஆளாகி, முழங்காலுக்குக் கீழ் ஒரு கால் யானையின் கால்போல் தடித்துப் பிறக்கின்றனர் என்பது அச்செய்தி. தோமையார் உயிர்நீத்த இடமாகக் கருதப்படுவது மயிலாப்பூரை அடுத்த பகுதியாகும். நோய் பிறவியில் வருவது, முன்னோரின் குற்றத்துக்குத் தண்டனையாக வருவது என்னும் இரு தவறான எண்ணங்களையும் இக்கதை சுமந்து நிற்கிறது. ஒரே குடும்பத்தில் பலருக்கு நோய் இருந்தது அவ்வெண்ணங்களுக்கு வலுவூட்டியிருக்கலாம். ஒரே வீட்டில் உறங்குவோரை ஒரே கொசுக்கூட்டம் கடிக்கிறது என்ற எளிய விளக்கம் அப்போது யாருக்கும் கிட்டவில்லை.

செருமானிய மருத்துவர் எங்கல்பர்ட் கெம்ப்பர் தம் ஆசியப் பயணத்தில் கண்ட நோய்களைப் பற்றி 1694இல் லைடன் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடு அளித்தார். மலபார் கடற்கரையில் பாதம் பருத்துப் புண்ணாகும் ஒரு நோயை அவர் "பெரிக்கால்" என்று உள்ளூர்ச் சொல்லாலேயே குறித்தார். பெரிய கால் என்பது அதன் பொருள். அவர் கண்டது யானைக்காலா, மதுரைப் பாதம் எனப்படும் பூஞ்சை நோயா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இருப்பினும், தென்னிந்திய மக்கள் வழங்கிய ஒரு பெயர் ஐரோப்பிய மருத்துவ ஏட்டில் இடம்பெற்ற தொடக்ககால நிகழ்வுகளுள் இது ஒன்றாகும்.

புழுவும் கொசுவும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பல நாடுகளில் பணியாற்றிய மருத்துவர்கள் ஆளுக்கு ஒரு துண்டாக உண்மையைக் கண்டெடுத்தனர். பாரிசில் தெமார்க்கே 1863இல் விரைவாத நீரில் நுண்புழுக்களைக் கண்டார். பிரேசிலின் பாகியாவில் வூக்கரர் 1866இல் நோயாளியின் சிறுநீரில் அவற்றைக் கண்டார். கல்கத்தாவில் திமோத்தி லூயிசு 1872இல் மனித இரத்தத்தில் அவை உலவுவதைக் காட்டினார். ஆத்திரேலியாவின் பிரிசுபேனில் ஜோசப் பாங்கிராப்ட் 1876இல் முதிர்ந்த புழுவைக் கண்டுபிடித்தார். வூக்கரர், பாங்கிராப்ட் ஆகிய இருவரின் பெயரையும் இணைத்தே இப்புழு இன்று வூக்கரேரியா பாங்கிராப்டி என வழங்குகிறது.

சீனாவின் அமோய் துறைமுகத்தில் மருத்துவராக இருந்த பாட்ரிக் மேன்சன், இரத்தத்தில் உள்ள நுண்புழு அடுத்து எங்கே செல்கிறது என்ற கேள்வியை எழுப்பினார். 1877இல், இரத்தத்தில் நுண்புழு இருந்த தம் தோட்டக்காரரைக் கொசுக்கள் கடிக்கச் செய்து, அக்கொசுக்களை அறுத்துப் பார்த்தார். நுண்புழு கொசுவின் வயிற்றுச் சுவரைத் துளைத்துச் சென்று வளர்வதை அவர் கண்டார். ஒரு பூச்சியின் உடலில் மனித நோய்க்கிருமி வளர்கிறது என்பதற்குக் கிடைத்த முதல் சான்று இதுவே. நுண்புழுக்கள் இரவில் மட்டும் இரத்தத்தின் மேற்பரப்புக் குழாய்களுக்கு வருகின்றன என்பதையும் அவரே கண்டறிந்தார். இரவில் கடிக்கும் கொசுவின் பழக்கத்தோடு புழுவின் பழக்கமும் ஒத்துப்போயிருந்தது.

மேன்சன் ஓரிடத்தில் தவறினார். கொசு ஒருமுறைதான் இரத்தம் குடிக்கும், பிறகு தண்ணீரில் விழுந்து இறக்கும், அத்தண்ணீரைக் குடிப்பவருக்கே நோய் வரும் என்று அவர் கருதினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, 1900இல் ஜார்ஜ் கார்மைக்கேல் லோ என்பவர், ஆத்திரேலியாவிலிருந்து அனுப்பப்பட்ட கொசுக்களின் ஊசிக்குழலுக்குள் புழுக்குஞ்சுகள் நிற்பதைக் கண்டபோது அக்கருத்து முடிவுக்கு வந்தது. அதே ஆண்டில் இந்திய மருத்துவப் பணியைச் சேர்ந்த எஸ்.பி. ஜேம்சு, திருவிதாங்கூரில் செய்த ஆய்வின் வழியே இதே முடிவை எட்டினார். இதற்கிடையில், மேன்சனின் தூண்டுதலால் மலேரியாவை ஆராய்ந்த ரொனால்டு ராசு, 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். யானைக்கால் ஆய்வு காட்டிய வழியில்தான் மலேரியா ஆய்வும் நடந்தது.

1930களில் மருத்துவப் பூச்சியியலாளர் எம்.ஓ.டி. ஐயங்கார் திருவிதாங்கூரில் விரிவான ஆய்வுகளை நடத்தினார். அங்குள்ள யானைக்கால் நோயில் பெரும்பகுதி புருகியா மலாயி என்னும் வேறொரு புழுவால் வந்தது. அதைப் பரப்பும் மான்சோனியா கொசுவின் புழுப்பருவம், ஆகாயத்தாமரை போன்ற மிதவைச் செடிகளின் வேரில் ஒட்டிக்கொண்டு மூச்சு விடுகிறது. குளத்திலிருந்து அச்செடிகளை அகற்றினாலே கொசு குறையும் என்பது இதனால் தெளிவாயிற்று. நோயை ஒழிக்க, அதைப் பரப்பும் கொசு எந்த நீரில் வாழ்கிறது என்று முதலில் அறிய வேண்டும் என்னும் பாடமும் கிடைத்தது.

காவிரிப் படுகையும் சாக்கடைக் கொசுவும்

தமிழகத்தில் நோயைப் பரப்புவது கியூலெக்சு குவின்குபேசியேட்டசு என்னும் வீட்டுக் கொசுவாகும். டெங்குவைப் பரப்பும் ஏடிசு கொசு ஓரளவு தெளிந்த நீரை நாடும். கியூலெக்சு அழுகிய பொருள்கள் நிறைந்த கழிவுநீரிலேயே செழித்து வளரும். அடைபட்ட சாக்கடை, உறிஞ்சு குழி, மூடியில்லாத கழிப்பறைத் தொட்டி, பயன்படுத்தாத கிணறு ஆகியவை இதற்கு வசதியான இடங்கள்.

காவிரிப் படுகையின் நில அமைப்பு இக்கொசுவுக்கு ஏற்றதாக இருந்தது. நிலம் சமமாக இருப்பதால் நீர் விரைந்து வடிவதில்லை. வாய்க்கால், குளம், கிணறு எங்கும் உண்டு. ஊர்கள் நெருக்கமாக அமைந்தவை. ஆற்றுநீரும் மழைநீரும் ஓடிக்கொண்டிருக்கும்வரை கியூலெக்சுக்கு அங்கே பெரிய இடமில்லை. வீடுகள் பெருகி, குழாய்த் தண்ணீர் வந்து, அந்நீர் வெளியேற வடிகால் அமையாத நகரங்களில்தான் இக்கொசு பெருகியது. தண்ணீர் வீட்டுக்குள் வந்த வேகத்தில் கழிவுநீர் ஊரைவிட்டு வெளியேறவில்லை. பாசனத்துக்காக வெட்டப்பட்ட உய்யக்கொண்டான் வாய்க்கால் திருச்சிராப்பள்ளி நகருக்குள் நுழைந்ததும் கழிவுநீரைச் சுமக்கும் நிலைக்கு வந்தது இத்தகைய மாற்றத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள திருவரங்கம் தீவிலும், ரயில்வே பணிமனைக்காக உருவான பொன்மலைக் குடியிருப்பிலும் கொசுவின் அளவை முடிவு செய்வது ஆற்றுநீர் அன்று. வீட்டின் பின்புறத்துச் சாக்கடையே.

மக்களின் இடப்பெயர்வும் கவனிக்கத்தக்கது. நுண்புழு உடலில் உள்ள ஒருவர் நோய்க்குறி எதுவுமின்றிப் பல ஆண்டுகள் நடமாடலாம். அவர் வேலை தேடி வேறு ஊருக்குச் செல்லும்போது புழுவும் உடன் செல்கிறது. சென்ற இடத்தில் சாக்கடைக் கொசு மிகுந்திருந்தால் புதிய நோய்க்களம் உருவாக வாய்ப்பு ஏற்படுகிறது. இதனால் யானைக்கால் கிராமத்து நோயாக மட்டும் நில்லாமல் நகர நோயாகவும் ஆனது.

மருந்தின் வரலாறு

இரண்டாம் உலகப் போரின்போது பசிபிக் தீவுகளில் இருந்த அமெரிக்கப் படைவீரர்களில் ஆயிரக்கணக்கானோர் பைலேரியா தொற்றுக்கு ஆளாயினர். அதன் விளைவாக மருந்துத் தேடல் விரைவுபெற்றது. 1947இல் அமெரிக்காவின் லெடர்லே ஆய்வுக்கூடம் டை எத்தில் கார்பமசின் என்னும் மருந்தை அறிமுகம் செய்தது. சுருக்கமாக டி.இ.சி. எனப்படும் இம்மருந்தின் வணிகப் பெயர் எட்ரசான்.

அந்த ஆய்வுக்கூடத்தின் ஆராய்ச்சி இயக்குநராக இருந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்த இவர், சென்னையில் கல்வி கற்றுச் சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் பயின்றார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். என்னும் குறைந்த சான்றிதழையே பெற்றார். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த பின் அமெரிக்கா சென்றார். எட்ரசானைக் கண்டறிந்த குழுவுக்குத் தலைமை தாங்கிய அவர், அடுத்த ஆண்டே, 1948 ஆகஸ்டில் காலமானார். சென்னையில் மருத்துவம் படித்த ஒருவரின் தலைமையில் உருவான மருந்தே பின்னர் தமிழகத்தின் ஊர்தோறும் யானைக்காலுக்கு எதிராக வழங்கப்பட்டது.

டி.இ.சி. இரத்தத்தில் உள்ள நுண்புழுக்களை விரைவாக அழிக்கிறது. முதிர்ந்த புழுக்களில் ஒரு பகுதியையும் கொல்கிறது. ஏற்கெனவே பழுதடைந்த நிணநீர்க் குழாயை இது சரிசெய்வதில்லை. ஆகவே கால் வீங்கியவரின் வீக்கத்தை வற்றச் செய்வதைவிட, அவரிடமிருந்தும் மற்றவரிடமிருந்தும் நோய் பரவாமல் தடுப்பதே இதன் முதன்மைப் பயனாகும்.

கட்டுப்பாட்டுத் திட்டங்கள்

இந்திய அரசு 1955இல் தேசிய பைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. மக்கள் அனைவருக்கும் டி.இ.சி. அளிப்பதும் கொசுவை அழிப்பதும் தொடக்க நோக்கங்கள். ஆனால் மருந்து உண்டவுடன், இறக்கும் நுண்புழுக்களால் காய்ச்சலும் தலைவலியும் வாந்தியும் சிலருக்கு ஏற்பட்டன. நோய்க்குறி எதுவும் இல்லாத ஒருவர், மருந்தால் நோயாளியானதாக உணர்ந்து அதை மறுத்தார். இதனால் அனைவருக்கும் மருந்து என்ற முறை கைவிடப்பட்டு, நகரங்களில் கொசுப்புழு ஒழிப்பும், இரத்தச் சோதனையில் நுண்புழு காணப்பட்டோருக்கு மட்டும் சிகிச்சையும் என்ற முறை வந்தது.

நுண்புழு இரவில்தான் இரத்தத்தில் தென்படும் என்பதால் சோதனையும் இரவில்தான் நடைபெற வேண்டியிருந்தது. பணியாளர்கள் இரவு நேரத்தில் வீடு வீடாகச் சென்று, உறங்கியவர்களை எழுப்பி, விரல் நுனியில் குத்தி, கண்ணாடித் தகட்டில் இரத்தம் எடுத்தனர். மக்களுக்கும் பணியாளர்களுக்கும் இது கடினமான வேலை. பகலிலேயே தொற்றைக் காட்டும் எதிர்ப்பொருளூக்கி அட்டைச் சோதனை 1990களில் வந்த பின்னரே இந்நிலை மாறத் தொடங்கியது.

இக்காலத்தில் தமிழகத்திலும் அண்டையிலும் நடந்த மூன்று முயற்சிகள் குறிப்பிடத்தக்கவை. முதலாவது, புதுச்சேரியில் 1975இல் தொடங்கப்பட்ட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆய்வு மையத்தின் பணி. பி.கே. இராஜகோபாலன் தலைமையில் இம்மையம் 1981 முதல் 1985 வரை புதுச்சேரி நகரில் ஒருங்கிணைந்த கொசுக் கட்டுப்பாட்டைச் செயல்படுத்திக் காட்டியது. பூச்சிக்கொல்லியை மட்டும் நம்பாமல், கொசு வளரும் இடங்களையே இல்லாமல் செய்வது அதன் அடிப்படை.

இரண்டாவது, 1980களில் காரைக்காலில் நடந்த மருந்துப்பு முயற்சி. சமையல் உப்பில் மிகச் சிறிய அளவில் டி.இ.சி. கலந்து சில ஆண்டுகள் வழங்கியபோது, நுண்புழு உடையோரின் விகிதம் பெரிதும் குறைந்தது. சிறிது சிறிதாக உடலில் சேர்வதால் பக்க விளைவுகளும் தெரியவில்லை. சீனா இம்முறையைப் பேரளவில் பயன்படுத்தி 2007இல் நோயை ஒழித்தது. இந்தியாவில் இது நாடு முழுவதற்கும் விரிவடையவில்லை.

மூன்றாவது, மதுரையில் இயங்கிய மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் திருக்கோவிலூர் வட்டாரக் கிராமங்களில் நடத்திய ஆய்வு. சில கிராமங்களில் மருந்து மட்டும் வழங்கப்பட்டது. வேறு சில கிராமங்களில் மருந்தோடு, உறிஞ்சு குழிகளின் நீர்ப்பரப்பைத் தெர்மோகோல் மணிகளால் மூடியும், கிணறுகளில் கொசுப்புழு தின்னும் மீன்களை விட்டும் கொசு கட்டுப்படுத்தப்பட்டது. நீரின்மேல் மிதக்கும் மணிகள் அடுக்காக நிற்பதால் கொசு முட்டையிட முடியாது. உள்ளே உள்ள புழுவும் மூச்சுவிட முடியாது. மருந்து நிறுத்தப்பட்ட பின், மருந்து மட்டும் பெற்ற கிராமங்களில் தொற்று மீண்டும் தலைதூக்கியது. கொசுவையும் கட்டுப்படுத்திய கிராமங்களில் பலன் நிலைத்தது. இவ்வாய்வின் முடிவுகள் 2007இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியாயின.

அனைவருக்கும் ஆண்டுக்கு ஒரு வேளை

ஆண்டுக்கு ஒரே ஒரு வேளை டி.இ.சி. அளித்தாலே நுண்புழு நீண்ட காலம் குறைந்திருக்கும் என்பது பின்னர் வந்த ஆய்வுகளில் தெரியவந்தது. முதிர்ந்த புழுவின் ஆயுட்காலம் முடியும்வரை, ஊரில் உள்ள எவர் இரத்தத்திலும் கொசுவுக்குப் போதிய நுண்புழு கிடைக்காமல் செய்துவிட்டால், நோய்ச் சங்கிலி அறுந்துவிடும் என்பது இதன் தத்துவம். 1996–97இல் தமிழகம் உள்ளிட்ட 7 மாநிலங்களின் 13 மாவட்டங்களில் இந்தியா இதைச் சோதித்தது. 1997இல் உலக சுகாதாரப் பேரவை இந்நோயை உலகெங்கும் ஒழிக்கத் தீர்மானித்தது. 2004 முதல் நோயுள்ள மாவட்டங்கள் அனைத்திலும் கூட்டு மருந்து வழங்கல் தொடங்கியது. 2007 முதல் டி.இ.சி.யுடன் அல்பெண்டசோலும் சேர்ந்தது.

2 முதல் 5 வயதினருக்கு 100 மி.கி., 6 முதல் 14 வயதினருக்கு 200 மி.கி., 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு 300 மி.கி. என்ற அளவில் டி.இ.சி. தரப்பட்டது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், கடும் நோயாளிகள் ஆகியோருக்கு விலக்கு உண்டு. இத்திட்டத்தின் பெரிய தடையும் பழைய தடையே: நலமாக இருப்பவர் எதற்காக மாத்திரை உண்ண வேண்டும் என்ற கேள்வி. வாங்கிய மாத்திரையை உண்ணாமல் வைத்திருப்போர் இருந்ததால், பணியாளர் முன்னிலையிலேயே விழுங்கச் செய்யும் முறை வலியுறுத்தப்பட்டது.

ஒரு மாவட்டத்தில் பல சுற்று மருந்து வழங்கிய பின், நோய் பரவல் நின்றுவிட்டதா என்று அறியப் பரவல் மதிப்பீட்டு ஆய்வு நடத்தப்படுகிறது. இதில் பெரும்பாலும் 6, 7 வயதுக் குழந்தைகளே, அதாவது பள்ளியின் முதல் இரு வகுப்புகளில் படிப்போரே சோதிக்கப்படுகின்றனர். மருந்து வழங்கல் தொடங்கிய பின் பிறந்த குழந்தையின் உடலில் தொற்று இருந்தால், கொசு இன்னும் புழுவைச் சுமக்கிறது என்று பொருள். இல்லையெனில் சங்கிலி அறுந்தது என்று கொள்ளலாம். தமிழகத்தின் பல மாவட்டங்கள் இச்சோதனையில் தேறி, கூட்டு மருந்து வழங்கலை நிறுத்தியுள்ளன.

வீங்கிய கால்களின் கதை

பரவல் நிற்பதால் ஏற்கெனவே வீங்கிய கால் குறைவதில்லை. இந்நோயாளிகளின் துயரத்தில் பாதி உடலைச் சார்ந்தது. மறுபாதி ஊராரின் பார்வையைச் சார்ந்தது. பெண்கள் புடவையை இறக்கிக் கட்டிக் காலை மறைத்தனர். தாய்க்கு நோய் இருந்தால் மகளின் திருமணப் பேச்சு நின்றுபோகும் என்று அஞ்சிக் குடும்பத்தினர் அதை வெளியில் சொல்லவில்லை. வயலில் நின்று வேலை செய்வோருக்கும், ஓரிடத்தில் நின்றே தொழில் செய்வோருக்கும், காய்ச்சல் தாக்கிய நாட்களில் கூலி இல்லாமற் போயிற்று. பரம்பரை நோய், பாவத்தின் பலன் என்ற பழைய எண்ணமே இந்த மறைப்புக்குக் காரணம். மறைத்ததால் தொடக்க நிலையிலேயே சிகிச்சை பெறும் வாய்ப்பும் போயிற்று.

அறுவை மருத்துவத்தில் தமிழகம் சில முன்னோடி முயற்சிகளைக் கண்டது. அடைபட்ட நிணநீர்ப் பாதையை அருகில் உள்ள சிரையோடு இணைத்து, தேங்கிய நீரை இரத்தத்தில் வடியச் செய்யும் முறையைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் எஸ். ஜமால் மேற்கொண்டு, அதன் முடிவுகளை 1981இல் பன்னாட்டு இதழில் வெளியிட்டார். நோய் மிகுந்த படுகையின் நடுவில் இருந்த கல்லூரியில் இவ்வாய்வு நடந்தது பொருத்தமே. எனினும் அறுவை முறை எல்லா நோயாளிகளுக்கும் ஏற்றதன்று.

பெரும்பாலோருக்கு உதவியது எளிய கால் பராமரிப்பு. பிரேசிலின் ரெசிபே நகரில் ஜெரூசா டிரையர் முதலிய மருத்துவர்கள் 1990களில், தோல் தடிப்பை மிகுதிப்படுத்துவது புழுவைவிடப் பாக்டீரியாத் தாக்குதலே என்று வலியுறுத்தினர். நாள்தோறும் காலைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, விரல் இடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, வெடிப்புகளுக்கு மருந்திட்டு, இரவில் காலைச் சற்று உயர்த்தி வைத்து, கணுக்காலை அசைத்துப் பயிற்சி செய்து, அளவான செருப்பு அணிந்தால் காய்ச்சல் தாக்குதல் குறைகிறது. வீக்கமும் ஓரளவு மட்டுப்படுகிறது. கேரளத்தின் காசர்கோட்டில் உள்ள பயன்பாட்டுத் தோலியல் நிறுவனம் இம்முறையோடு ஆயுர்வேதத்தையும் யோகப் பயிற்சியையும் இணைத்துச் சிகிச்சை அளிக்கிறது. தமிழக அரசு மருத்துவ நிலையங்கள் வழியாகக் கால் பராமரிப்புப் பொருள்களும், கடும் பாதிப்புள்ளோருக்கு உதவித்தொகையும் வழங்குகிறது.

கால் வீக்கம் எல்லாமே யானைக்கால் புழுவால் வருவதன்று என்பதும் அறியத்தக்கது. பிறவியிலேயே நிணநீர்க் குழாய் சரியாக அமையாத அரிய நோயாலும், சிரைகளில் ஏற்படும் அடைப்பாலும், இதய, சிறுநீரகக் கோளாறுகளாலும் கால் வீங்கும். எத்தியோப்பியா போன்ற நாடுகளில் எரிமலை மண்ணில் வெறுங்காலுடன் நடப்போருக்குப் புழுவின்றியே யானைக்கால் போன்ற வீக்கம் உண்டாகிறது. ஆகவே காரணத்தை மருத்துவரே உறுதி செய்ய வேண்டும்.

இன்றைய நிலை

இலங்கையில் 1947 முதல் தனி இயக்கமாகவே பைலேரியா ஒழிப்பு நடந்தது. 2016இல் அந்நாடு இந்நோயைப் பொதுச் சுகாதாரச் சிக்கல் என்ற நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மாலத்தீவு அதே ஆண்டிலும், வங்காளதேசம் 2023இலும், பிரேசில் 2024இலும் இந்நிலையை எட்டின. இந்தியாவில் ஒழிப்புக்கான இலக்கு ஆண்டு 2015 என முதலில் குறிக்கப்பட்டுப் பலமுறை தள்ளிப்போடப்பட்டது. பீகார், சார்க்கண்டு, ஒடிசா, உத்தரப்பிரதேசம் முதலிய மாநிலங்களில் நோய் இன்னும் பரவுகிறது. அங்கே 2018 முதல் ஐவர்மெக்டினையும் சேர்த்த மும்மருந்து முறை படிப்படியாக அறிமுகமானது.

தமிழகத்தில் புழு குறைந்துள்ளது. அதைப் பரப்பும் கொசு குறையவில்லை. நோய் பரவும் மாநிலங்களிலிருந்து வேலைக்கு வருவோரும், இங்கிருந்து அங்கே செல்வோரும் பெருகியுள்ள காலத்தில், கழிவுநீர் தேங்கும் ஒவ்வொரு தெருவும் பழைய சங்கிலி மீண்டும் இணையக்கூடிய இடமாக உள்ளது. திருக்கோவிலூர்க் கிராமங்கள் காட்டியதும் இதையே. மாத்திரை ஒழித்த நோயை வரவிடாமல் காப்பது, மூடிய கழிவுத்தொட்டியும் ஓடும் வடிகாலும்தான். வீங்கிய காலுடன் இன்னும் வாழ்வோர்க்குத் தேவையானவை நாள்தோறும் கால் கழுவ நல்ல நீர், தொடர்ந்த மருத்துவக் கவனிப்பு, அவர்களைக் கண்டு முகம் திருப்பாத ஊர் ஆகிய மூன்றுமே.